புயலுக்கு முன்னே மிஷினைத் தயார் செய்யுங்கள்: செயின் ஸா வைத்திருப்போருக்கு 26 குறிப்புகள்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் பேராவூரணிப் பக்கம் வாசற்படியிலிருந்து தார்ச்சாலை வரை தென்னை மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. தெருவில் நாலு பேரிடம் செயின் ஸா இருந்தது. கயிற்றை இழுத்ததும் ஓடியது ஒன்றுதான். மற்ற மூன்றிலும் பெரிய கோளாறு எதுவும் இல்லை. ஒன்றில் மழுங்கிய செயின், ஒன்றில் மரத்தூள் அடைத்த ஃபில்டர், ஒன்றில் ஆறு மாதப் பழைய பெட்ரோல். பழைய பெட்ரோல் கிடந்தது என்னுடைய மிஷினில். ஒரே மிஷினை வைத்துத் தெருவைத் திறக்க மறுநாள் மாலை ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமையானால் திண்ணையில் சாக்கை விரித்து மிஷினைப் பிரித்துப் போட்டு உட்காருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அக்கம்பக்கத்து மிஷின்களும் வந்து சேர்ந்தன. இத்தனை வருஷத்தில் நான் கற்றது இதுதான்: பெரும்பாலான கோளாறுகளைக் கண்ணும் காதும் மூக்குமே கண்டுபிடித்துவிடும், கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் தொடுவது கடைசி வேலை. குறிப்புகளையும் அந்த வரிசையிலேயே தந்திருக்கிறேன்.

உட்காரும் முன்

1. செயினில் கை வைக்கும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கின் மேல் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றிவிடுங்கள். செயினைக் கையால் நகர்த்தும்போது கையுறை வேண்டும். ஓடாத செயினும் விரலைக் கிழிக்கும்.

2. 30 குழி முட்டை அட்டை ஒன்றை எடுத்து, குழிகளுக்கு வரிசையாக எண் போட்டு வையுங்கள். கழற்றும் ஸ்க்ரூவை கழற்றிய வரிசையில் குழிகளில் போடுங்கள். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வந்தால் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரித் தெரியும் ஸ்க்ரூக்களில் நீளம் மாறும். நீளமானதைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் உள்ளே எதையாவது உடைத்துவிடும்.

3. பட்டறை வேண்டாம். பிளக் ஸ்பேனர், ஆலன் கீ செட், சின்னத் திருப்புளி, உருட்டு அரம், தட்டை அரம், பழைய பல் துலக்கும் பிரஷ், 20 மில்லி ஊசிக்குழாய் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

செயினும் பாரும்

4. அறுக்கும்போது விழும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். துருவிய தேங்காய் போலச் செதில் செதிலாக விழுந்தால் செயின் கூர்மையாக இருக்கிறது. கோதுமை மாவு போல விழுந்தால் மழுங்கிவிட்டது. மிஷினை மரத்தின் மேல் அழுத்தத் தோன்றினாலே அரம் போடும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அழுத்தி அறுத்தால் கிளட்ச், பார், என்ஜின் மூன்றும் சேர்ந்து தேயும்.

5. உருட்டு அரத்தின் கனம் செயினுக்குச் செயின் மாறும். 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மி.மீ. அரம். சின்ன மிஷின்களில் வரும் தணிந்த பல் 3/8 அங்குலச் செயினுக்கு 4 மி.மீ. பெரிய 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. செயின் எண் பெரும்பாலும் பாரின் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும். புதுச் செயின் வாங்கப் போகும்போது அந்த எண்ணோடு, பாரின் பள்ளத்தின் அகலத்தையும், செயினின் உட்பற்கள் எத்தனை என்பதையும் எண்ணி எழுதிக்கொண்டு போங்கள். பார் நீளத்தை மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகும்.

6. அரம் போடுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் அரிச்சுவடி. பாரை மரக்கட்டையில் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பல்லில் கோடு போட்டு அங்கிருந்து தொடங்குங்கள். பல்லின் மேற்தட்டில் சாய்வுக் கோடு ஒன்று பொறித்திருக்கும். பெரும்பாலான செயின்களில் அது 30 டிகிரி. அந்தக் கோட்டுக்கு நேராக அரத்தைப் பிடித்து, பல்லின் உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அரம்தான் வீணாகும். அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேற்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே. ஒரு பக்கத்துப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் வாருங்கள். பல்லின் முனையில் வெளிச்சம் பட்டு வெள்ளைக் கோடு மினுங்கினால் அது இன்னும் மழுக்கம். அந்தக் கோடு மறையும் வரை போடுங்கள்.

7. தென்னை வைத்திருப்போருக்கு வண்டுப் புழு என்றாலே ஆகாது. ஆனால் இன்று நம் செயினில் இருக்கும் பல்லின் வடிவம் ஒரு வண்டுப் புழுவிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ், மரத்தைக் குடையும் ஒரு புழு நாரின் போக்கிலும் குறுக்கிலும் ஒரே வேகத்தில் அரித்துக்கொண்டு போவதைக் கவனித்தார். அதன் வளைந்த தாடைகள் இடமும் வலமும் மாறி மாறி அரிப்பதைப் பார்த்து அதே போல் பல் செய்து, 1947இல் செயினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் செயினிலும் ஒரு பல் இடம், அடுத்தது வலம். அதனால்தான் இரு பக்கமும் ஒரே அளவு நீளம் இருக்க வேண்டும் என்கிறோம். ஒரு பக்கம் குட்டையானால் வெட்டு வாழைப்பழம் போல வளைந்துகொண்டு போகும்.

8. ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கு முன்னால் சின்ன மேடு ஒன்று நிற்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். பொதுவாக அது பல்லின் முனையைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். மூன்று நான்கு முறை அரம் போட்டபின் அளவுத் தகடு வைத்துப் பார்த்து, மேடு நீட்டிக்கொண்டிருந்தால் தட்டை அரத்தால் சீவுங்கள். வேகமாக அறுக்கட்டும் என்று ஆசைப்பட்டு அதிகம் சீவினால் மிஷின் வெட்டும்போது துள்ளும், கையையும் உலுக்கும்.

9. செயினை முறுக்கும்போது பாரின் மூக்கை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். கீழ்ப்பக்கம் செயின் தொங்கக் கூடாது. அதே நேரம் கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். சூட்டில் செயின் நீளும். சூடாக இருக்கும்போது முறுக்கியதை வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் ஆறும்போது சுருங்கி, பாரையும் கிளட்ச் பக்கத்து பேரிங்கையும் நெருக்கும்.

10. பாரை ஒரே பக்கமாக ஓட விடாதீர்கள். செயினுக்கு அரம் போடும் நாளில் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். பள்ளத்தில் சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்கையும் தூளையும் பழைய ஹாக்ஸா பிளேடால் வழித்து, ஆயில் வரும் ஓட்டையைத் துடைத்துவிடுங்கள். ஓரத்தில் விரலைக் கீறும் பிசிறு இருந்தால் தட்டை அரத்தால் சமன் செய்யுங்கள்.

11. செயின் ஆயில் வருகிறதா என்று அறிய, மிஷினை ஓட்டி மூக்கை ஒரு வெள்ளைத் தாளுக்கு ஒரு சாண் தூரத்தில் காட்டி ஆக்ஸிலேட்டரைக் கொடுங்கள். தாளில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். வண்டியிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலை ஊற்றும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அதில் கலந்திருக்கும் இரும்புத் துகள்கள் ஆயில் பம்பையே தின்றுவிடும்.

12. விழுந்த தென்னையில் ஒட்டிய மணலும் சேறும் செயினுக்கு முதல் எதிரி. வெட்டும் இடத்தில் அரிவாளால் ஒரு சுற்றுச் சீவிவிட்டு அறுங்கள். தென்னையின் வெளிப்புறம்தான் வைரம். நடுப்பகுதி மெத்தென்று இருக்கும். வெளிச்சுற்றில் நிதானமாகப் போங்கள். வேர்ப்பகுதியை மண்ணோடு அறுத்தால் புதுச் செயினும் சில நொடிகளில் மழுங்கிவிடும்.

பெட்ரோலும் காற்றும்

13. செயின் ஸா டூ-ஸ்ட்ரோக் என்ஜின். பிஸ்டனுக்கு வேண்டிய எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. 50க்கு 1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி. 25க்கு 1 என்றால் 40 மில்லி. கண்மதிப்பு வேண்டாம், ஊசிக்குழாயால் அளந்து தனி கேனில் கலக்கி ஊற்றுங்கள். கடற்கரை ஊர்களில் படகு என்ஜின் ஆயில் எளிதாகக் கிடைக்கும். அது தண்ணீரால் குளிரும் என்ஜினுக்கானது. காற்றால் குளிரும் நம் மிஷினுக்கு வேண்டாம்.

14. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பல செயின் ஸா கையேடுகள் 10 சதவீதத்துக்கு மேல் ஆகாது என்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ரப்பர் குழாயையும் டயாபிரத்தையும் விறைக்க வைக்கும். அதனால் ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிஷின் தானாக நிற்கும் வரை ஓட்டிவிடுங்கள். கெட்ட பெட்ரோலை மூக்கே சொல்லிவிடும்: பழைய வார்னிஷ் வாடை அடிக்கும்.

15. பத்து நிமிஷம் நன்றாக ஓடி நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது என்றால் முதலில் டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் டேங்கின் மூச்சுக்குழல் அடைத்திருக்கிறது. சுத்தம் செய்தால் அல்லது மாற்றினால் தீர்ந்தது. டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டரை வளைத்த கம்பியால் வெளியே இழுத்துப் பாருங்கள். கறுத்துப் போயிருந்தால் மாற்றுங்கள்.

16. ஏர் ஃபில்டரை ஒவ்வொரு நாள் வேலைக்குப் பின்னும் தட்டிவிடுங்கள். தென்னை நாரும் தூளும் கம்பளி போலப் படியும். கழற்றும் முன் சோக்கைப் போடுங்கள். தூள் கார்பரேட்டருக்குள் விழாது. சோப்புத் தண்ணீரில் கழுவினால் முழுக்கக் காய்ந்த பின்னரே மாட்டுங்கள்.

ஓட மறுத்தால்

17. பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள். காப்பித் தூள் நிறம் என்றால் எல்லாம் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஃபில்டர் அடைப்பு. வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தால் பெட்ரோல் குறைவு. அதோடு ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும். நுனி இடைவெளி பெரும்பாலான மிஷின்களுக்கு 0.5 முதல் 0.7 மி.மீ.

18. சோக்கோடு பல தடவை இழுத்து பெட்ரோல் நிறைந்துவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். பிளக்கைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, சோக்கைத் தள்ளிவிட்டு, பிளக் ஓட்டையைத் தரைப்பக்கமாகச் சாய்த்துக் கயிற்றைப் பத்து முறை இழுங்கள். பிளக்கைத் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் இரண்டாவது இழுப்பில் எழுந்துவிடும்.

19. பிளக் புதிது, ஆனாலும் பொறி வரவில்லையா? காயிலுக்கும் சக்கரத்தின் காந்தத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மி.மீ. அளவு போதும். ஒரு விசிட்டிங் கார்டை இடையில் செருகி, காயில் ஸ்க்ரூக்களைத் தளர்த்துங்கள். காந்தமே காயிலைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். அப்படியே ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுக் கார்டை உருவுங்கள்.

20. கம்ப்ரஷனை மீட்டர் இல்லாமலும் கணிக்கலாம். சுவிட்சை அணைத்து, ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்து மிஷினைத் தொங்கவிடுங்கள். விட்டு விட்டு மெல்ல இறங்கினால் நல்லது. சரசரவென்று கீழே வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. உறுதி செய்ய சைலன்சரைக் கழற்றி, அந்த வாசல் வழியே டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். பளபளப்பாக இருக்க வேண்டிய பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடினால், கார்பரேட்டரை எவ்வளவு திருகினாலும் பயன் இல்லை. பழைய மிஷின் வாங்கப் போகிறவர்கள் காசு கொடுக்கும் முன் இந்த ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

டியூனிங்

21. செயினுக்கு அரம் போட்டு, ஃபில்டர் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றி, ஐந்து நிமிஷம் சூடாக்கிய பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். இப்போது நிற்கும் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் இருந்து தொடங்க வேண்டுமானால், கார்பரேட்டரில் எல் (குறைந்த வேகத்துக்கு), எச் (முழு வேகத்துக்கு) என்ற ஸ்க்ரூ இரண்டையும் மெதுவாக முட்டும் வரை திருகி, கையேட்டில் உள்ள அளவுக்குத் திறங்கள். பல மிஷின்களில் அது ஒரு சுற்று. வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் குறையும், இடப்பக்கம் திருகினால் கூடும்.

22. முதலில் எல். மெதுவாகத் திருகி, ஸ்லோவில் சத்தம் எங்கே உச்சமாகிறது என்று காதால் பிடியுங்கள். அங்கிருந்து அரைக்கால் சுற்று இடப்பக்கம் திறங்கள். ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் திக்கினால் இன்னும் கொஞ்சம் திறங்கள். புகைத்துக்கொண்டு எழுந்தால் கொஞ்சம் மூடுங்கள். பிறகு ஸ்லோ ஸ்க்ரூவால், மிஷின் நிற்காமலும் செயின் அசையாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்லோவில் செயின் ஓடும் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி கூட நடக்காதீர்கள்.

23. எச் ஸ்க்ரூதான் மிஷினின் ஆயுளைத் தீர்மானிக்கும். முழு ஆக்ஸிலேட்டரில் இரண்டு மூன்று நொடி வெறுமனே ஓட்டுங்கள். தொண்டையில் சளி கட்டியது போல லேசான ‘கர்ர்ர்’ கேட்க வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைந்து சத்தம் தெளிய வேண்டும். இதுதான் சரியான இடம். வெறுமனே ஓடும்போதே கொசு ரீங்காரம் போலக் கூர்மையாகக் கத்தினால் பெட்ரோல் குறைந்துவிட்டது. கூடவே எண்ணெயும் குறைந்துவிட்டது. வேகம் கூடிய மாதிரி தெரியும், கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் பிடித்துவிடும். சந்தேகம் வந்தால் எப்போதும் இடப்பக்கம் கொஞ்சம் திறந்தே வையுங்கள். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் குறையாமல் இழுத்துக்கொண்டே ஓடினால், அது எங்கோ காற்று உள்ளே புகும் கோளாறு. கார்பரேட்டரின் ரப்பர் கழுத்தையும் கிராங்க் சீலையும் பாருங்கள். அதை ஸ்க்ரூவால் மறைக்கப் பார்த்தால் மிஷின் போய்விடும்.

பிரித்து மாற்றும்போது

24. கிளட்சுக்கு இடது மரை. வலப்பக்கம் திருகினால்தான் கழறும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் பலம் காட்டி உடைத்தவர்கள் உண்டு. பிஸ்டன் சுற்றாமல் நிற்க இரும்பு எதையும் உள்ளே விடாதீர்கள். பிஸ்டன் சைலன்சர் வாசலைத் தாண்டி மேலே ஏறி வரும்போது, பிளக் ஓட்டை வழியாகப் பழைய ஸ்டார்ட்டர் கயிற்றை மடித்து மடித்து உள்ளே விட்டு, நுனியை வெளியே வையுங்கள். கயிறு மெத்தைபோல் நின்று பிஸ்டனைத் தாங்கிக்கொள்ளும்.

25. மிஷினுக்கு இன்னும் பலம் வேண்டும் என்ற ஆசை இந்தப் பொழுதுபோக்கில் எல்லோருக்கும் வரும். முதலில் சைலன்சர் வலையில் படிந்த கரியைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். காணாமல் போன பலம் பாதி அங்கேயே கிடைக்கும். அதற்கு மேல் சைலன்சர் வாயைப் பெரிதாக்குகிறவர்கள் எச் ஸ்க்ரூவையும் கட்டாயம் திறந்து மறுபடி டியூன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் பற்றாமல் பிஸ்டன் பிடிக்கும். பொறி தடுக்கும் வலையை எடுக்காதீர்கள். சித்திரை வெயிலில் காய்ந்த தென்னஞ்சருகுக்கு ஒரு பொறி போதும். சிலிண்டர் அடி கேஸ்கெட்டை எடுத்துக் கம்ப்ரஷனைக் கூட்டுகிறவர்கள், ஈயக் கம்பியைப் பிளக் ஓட்டை வழியே விட்டுப் பிஸ்டனால் நசுக்கி அளந்து பாருங்கள். 0.5 மி.மீ.க்குக் குறைந்தால் பிஸ்டன் தலையில் இடிக்கும். செயின் பிரேக், செயின் அறுந்தால் பிடிக்கும் கொக்கி, ஆக்ஸிலேட்டர் பூட்டு மூன்றையும் ஒருநாளும் கழற்றாதீர்கள். பாரின் மூக்கு மேல்முனை எதிலாவது முட்டினால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். அந்த நொடியில் காப்பது பிரேக் மட்டும்தான். ஓட்டிப் பார்க்கும்போது காதடைப்பான், கண்ணாடி, பூட்ஸ் கட்டாயம். பூட்டிய கொட்டகைக்குள் ஓட்டாதீர்கள், புகை ஆளையே சாய்த்துவிடும்.

பருவமழைக்கு முன்

26. நாலு மாதம் எடுக்க மாட்டோம் என்றால் டேங்கைக் காலி செய்து, பிளக் ஓட்டையில் சில சொட்டு டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல இரண்டு தடவை இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். செயினைத் தளர்த்தி எண்ணெய் தடவுங்கள். கைப்பிடியில் ஒரு அட்டைத் துண்டைக் கட்டி, கடைசியாகப் பெட்ரோல் ஊற்றிய தேதி, அரம் போட்ட தேதி இரண்டையும் எழுதுங்கள். அடுத்து எடுப்பது நீங்களாக இல்லாவிட்டாலும், எடுப்பவருக்கு மிஷினின் கதை அந்த அட்டையில் இருக்கும்.

புரட்டாசிக் கடைசி ஞாயிறு எங்கள் திண்ணையில் தெருவின் நாலு மிஷினும் வரிசையாக நிற்கும். புதுப் பெட்ரோல் கலக்கி, அரம் போட்டு, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்போம். நாலாவதும் ஓடிய பிறகுதான் சாக்கைச் சுருட்டுவோம். ஐப்பசியில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும், ரோட்டைத் திறக்க இனி மறுநாள் மாலை வரை காத்திருக்க எங்கள் தெருவுக்கு விருப்பம் இல்லை.